அவிழ்த்துக் கட்டிய மூட்டை

ராத்திரியே கட்டி வைத்த மூட்டையை, விடிந்தும் விடியாமலும் அவிழ்க்கச் சொன்னாள் ஆறுமுகத்தாய். காசிலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? ஊரே வண்டி பூட்டிக்கொண்டிருந்தது.

டவுணில் கலகம் நடந்து மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்த மறுவருஷம் அது. கீழத்தெருவில் வாந்திபேதி நுழைந்துவிட்டது. தாமிரபரணித் தண்ணீரையே வாயில் வைக்கப் பயந்தார்கள். மிச்சம் இருப்பவர்களாவது பிழைக்கட்டும் என்று, நோய் ஓயும்வரை மேற்கே பொத்தையின் அடிவாரத்தில் ஓலைக்குடிசை போட்டுத் தங்குவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நோய் கண்ட வீட்டார் ஒருவரும் அங்கே வரக்கூடாது. அடிவாரத்தில் சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் சூடம் எரியும். 'என் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை' என்று சொல்லி, வீட்டுக்காரன் அதை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பிறகு தெரியவந்தால் குஞ்சு குளுவானோடு வெளியேற்றிவிடுவார்கள்.

மாட்டுச் சந்தையில் காசிலிங்கம் அள்ளிவிடாத பொய் கிடையாது. ஆனால் சூடத்தில் மட்டும் பொய்யடிக்க மாட்டான். சுடலையிடம் அவனுக்கு அவ்வளவு பயம்.

ஆறுமுகத்தாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் ஒன்றையும் தொடவில்லை. மகள் வடிவம்மாளை ஏவி ஏவி மூட்டையைப் பிரிக்கவைத்தாள்.

"அம்மிய அப்பாவ எறக்கச் சொல்லு. சொளவு வேண்டாம். அந்த அவல எடுத்து வையி. பொரிகடலை, கருப்பட்டி, நார்த்தங்காச் சாடி..."

"என்னளா, துரைசாணி மாரி நின்னுக்கிட்டு ஏவுத? அம்மி இல்லாம அங்கன என்னத்த அரைப்ப?"

மாடுகள் கிழடு, பாரம் குறைந்தால் நல்லதுதான் என்று அம்மியை இறக்கிப் போட்டான். வெள்ளாட்டையும் வண்டிக்குப் பின்னால் கட்டச் சொன்னபோது சிரிப்பே வந்துவிட்டது. முலைப்பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஆட்டுப்பால் யாருக்கு?

அவன் இடுப்பில் இருந்த கைப்பிள்ளை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அவள் வாங்கவில்லை. ஒரு எட்டு பின்னால் போனாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க முன்னால போங்க. நான் வீட்ட ஒழுங்கு பண்ணிட்டு, இசக்கியம்மாக்கா வண்டியில பைய வாரேன்."

பிள்ளையைக்கூட வாங்காத பெண்ணிடம் என்ன பேச்சு என்று, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். திரும்பிப் பார்க்கவில்லை. வடிவம்மாள்தான் தெரு திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

அடிவாரத்தில் சூடம் எரிந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்லி, ஓங்கி அடித்தான். ஒரே அடியில் அணைந்தது. காவல் நின்ற சுடலைக்கண்ணு முகம் மலர்ந்து வழிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு இசக்கியம்மாவின் வண்டி வந்தது. அதில் ஆறுமுகத்தாய் இல்லை.

"உங்க கூட வாரேன்னுல்லா எங்கிட்டச் சொன்னா!" என்றாள் இசக்கியம்மா. "கதவும் சாத்திக் கெடந்துது. போயிட்டான்னுல்லா நெனச்சேன்."

அந்த நேரம் பார்த்துக் கைப்பிள்ளை பசியில் வீரிட்டது. வடிவம்மாள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மேலாக இருந்ததை எடுத்து அப்பனிடம் நீட்டினாள்.

"அம்ம இத என்னய வெளக்கி மேலயே வைக்கச் சொன்னா."

பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. வருஷக்கணக்காகப் பரணில் கிடந்தது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது.

காசிலிங்கம் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். அவல், பொரிகடலை, கருப்பட்டி, நார்த்தங்காய். அடுப்பு மூட்டத் தெரியாத ஒரு ஆம்பிளை இரண்டு பிள்ளைகளைப் பட்டினி போடாமல் வைத்திருக்க வேண்டியது எல்லாம் இருந்தது. அவளுடைய மாற்றுச்சேலை இல்லை. சீப்பு இல்லை. ராத்திரி அவன் கண்முன்னால்தான் இரண்டையும் வைத்துக் கட்டினாள்.

விடியும் முன்னால் அவள் கொல்லைக்குப் போகப் பின்கதவு திறந்து திறந்து மூடிய சத்தம் இப்போதுதான் அவன் காதில் விழுந்தது. அப்போது புரண்டு படுத்துக்கொண்டான், பாவி.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அவன் கை சூடத்தின் பக்கம் போயிருக்காது. பிள்ளைகளோடு வண்டியை வீட்டுக்கே திருப்பியிருப்பான். அவனை அவளுக்குத் தெரியும்.

இப்போதே ஓடினால் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீராவது கொடுக்கலாம். ஓடினால் ஊருக்குத் தெரிந்துவிடும். வாய்விட்டு அழுதாலும் தெரிந்துவிடும்.

சுடலைக்கண்ணு பக்கத்தில் வந்து நின்றான். இசக்கியம்மா வண்டியைச் சுற்றி நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வே ஒம்ம வீட்டுக்காரி?"

காசிலிங்கம் பீடத்தின் பக்கம் பார்க்கவில்லை.

"அவ அம்ம வீட்டுக்கு, சீவலப்பேரிக்குப் போயிட்டா. சொல்லத்தான் செஞ்சா, நாந்தான் மறந்துட்டேன்" என்றான்.

பிறகு பாலாடையை வாங்கிக்கொண்டு, ஆட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பால் கறந்து அவனுக்குப் பழக்கமில்லை. சூடம் அடித்த கை எரிந்தது.