பத்தில் மூன்று

அன்று வளப்பூர் நாட்டு மலைக் கிராமத்தின் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆய்வுக்கு வந்த ஜாஸ்மின், அர்த்தனாரி, அவர் மனைவி பாவாயி, அடுத்த வீட்டுப் பொன்னம்மாள், பொன்னம்மாளின் மருமகள் கவிதா.

முதுமையையும் ஓய்வுக் காலத்தையும் பற்றிய ஆய்வு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதே ஆட்களிடம் அதே கேள்விகள்.

“வேலையிலிருந்து எப்ப ஓய்வு எடுத்தீங்கய்யா?”

“தெனமும் எடுக்கறனுங்க. மத்தியானம் கஞ்சி குடிச்சதும்.”

ஜாஸ்மின் சிரித்தாள். அடுத்தது ஞாபகச் சோதனை. அவள் பத்துச் சொற்களை வாசிப்பாள்; கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் சொற்கள் வேறு.

பொன்னம்மாள் மூன்று சொன்னாள். நான்காவதுக்கு வாயைத் திறந்தாள், வரவில்லை.

“பாத்துக்கோங்க மேடம், நான் சொன்னா யாரு நம்பறாங்க?” என்றாள் கவிதா. “இதுகிட்டயா ஊட்டுச் சாவிய விட்டு வெக்கிறது? குடுங்கத்தே இங்க.”

பொன்னம்மாள் இடுப்புச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவும் இல்லை, திரும்பச் செருகவும் இல்லை.

“பொறு கண்ணு, நானும் சொல்லிட்டு வாரேன்” என்று பாவாயி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அர்த்தனாரி நிமிர்ந்தார். பாவாயி போன தடவை ஒன்பது சொன்னவள். எந்த மிளகுக் கொடியை எந்த வருசம் நட்டது என்று ஊரே அவளைத்தான் கேட்கும்.

ஜாஸ்மின் வாசித்து முடித்தாள்.

“கல்லு, ஆறு, வெளக்கு...” என்ற பாவாயி கூரையைப் பார்த்தாள்.

“அப்புறம்மா?”

“அவ்வளவுதான் சாமி.”

அர்த்தனாரி தொண்டையைச் செருமினார். குடையை எடுத்துத் தரையில் தட்டினார். லேசாக விரித்தும் காட்டினார்.

“ஐயா! சொல்லிக் குடுக்கக் கூடாது.”

“மழ வருதான்னு பாத்தனுங்க.”

“கூரைக்கு அடியிலயா?”

பாவாயி அந்தக் குடையை நன்றாகவே பார்த்தாள். “வேற ஒண்ணும் வரல சாமி. மூணுன்னே போட்டுக்க.”

“பாவாயம்மாவுக்கே மூணுதானா!” கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இந்த வயசுக்கு அவ்வளவுதாம் போல. எங்கத்தைய மட்டும் சொல்லி என்ன பண்ண?”

சாவிக்காக நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். பொன்னம்மாள் சாவியை மறுபடி இடுப்பில் செருகினாள்.

அர்த்தனாரி அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒன்பது மூன்றாகிவிட்டது. அடுத்த தடவை? ‘நீங்க யாரு’ என்று கேட்டுவிட்டால்? திரும்பும் வழியில் அவளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“ராத்திரி என்ன சோறு தின்னோம்?”

“சாமைச் சோறு.”

“பெரியவன் பொறந்தது என்ன கெழம?”

“வெசாழன். உங்களுக்கு என்ன கேடு இன்னிக்கு?”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் வைத்துப் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கே பஸ் ஏறி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். பயப்படாத பாவாயி.”

“நான் எங்க பயந்தேன்? ஏனுங்க, பொன்னம்மா எத்தன சொன்னா?”

“மூணு.”

“நான் நாலு சொல்லியிருந்தா அந்தச் சாவி இந்நேரம் யாரு இடுப்புல இருக்கும்?”

அர்த்தனாரி நின்றுவிட்டார்.

“அப்ப அந்தப் புள்ளையோட ஆராய்ச்சி?”

“ரெண்டு வருசத்துல மறுபடி வருமில்ல, அப்பச் சரியாச் சொல்லிக்கறேன்.” கையை விடுவித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். “மொதல்ல கொடை. நல்லாக் காட்டுனீங்க, ஊரே பாக்கற மாதிரி! அப்புறம் உப்பு, மணி, கதவு, பாலு, தேனு, ஆடு.”

அர்த்தனாரி பின்னாலேயே விரல் மடக்கிக்கொண்டு போனார்.

மிச்சம் ஏழு.