ஊஞ்சல் கிளி

“அந்தத் திருடியை எதுக்கும்மா உள்ள விட்டே?” பிரஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டார் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி.

பிரீத்தி பதறி எழுந்தாள். டிசைனராகச் சேர்ந்து இதுதான் முதல் தீபாவளி சீசன்.

“வேற வழி தெரியல சார். பாட்னாக்காரர் நான் வரைஞ்ச லேபிளைத் திருப்பி அனுப்பிட்டாரு. ஊஞ்சல்ல உக்காந்திருக்கிற அந்தப் பழைய கிளிதான் வேணுமாம். அவுக ஊர்ல படத்தைப் பாத்துத்தான் பட்டாசு வாங்குவாகளாம். இன்னைக்குள்ள வரலேன்னா ஆர்டர் கேன்சலாம்.”

அந்தக் கிளியைப் பழைய மேக் கம்ப்யூட்டரில் வரைந்தவள் சுப்புலட்சுமி. சம்பளம் கூட்டிக் கேட்டு, கிடைக்காமல், வேலையை விட்டு நின்றவள். போகும்போது டிசைன் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அதன்பிறகு சிவகாசியில் எந்த பிரஸ்ஸும் அவளைச் சேர்க்கவில்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்து ஊர் விஸ்வநத்தத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள்.

காலையில் பிரீத்தியும் அந்த மேக்கைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தாள். இப்போதைய கம்ப்யூட்டர் போல டிஸ்க்கெல்லாம் ஓரத்தில் வரிசையாகத் தெரியவில்லை. ஃபைல் திறக்க ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரே ஒரு டிஸ்க்கில் உள்ள பெயர்கள் மட்டும். பக்கத்தில் சில பட்டன்கள். கிளியைக் காணோம்.

போனில் கேட்டதற்கு, “கண்ட பட்டனை அமுக்காத, எல்லாம் அழிஞ்சிரும். புதுசா வரை” என்றுவிட்டார் அண்ணாச்சி.

இப்போது அதே கட்டத்துக்கு முன்னால் சுப்புலட்சுமி உட்கார்ந்திருந்தாள். மவுஸைத் தொடவில்லை. பசை காய்ந்த விரல்கள் மடியிலேயே கிடந்தன.

“டிஸ்க்கைக் கொண்டாந்தியா?” என்றார் அண்ணாச்சி.

“எடுத்திருந்தாத்தான அண்ணாச்சி கொண்டாரதுக்கு?”

“பாத்தியா பிரீத்தி, இவ நெஞ்சழுத்தத்தை?”

பிரீத்திக்கும் ஆத்திரமாக வந்தது. “அக்கா, மனசு வையுங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா என் வேலையும் போயிரும்.”

“நீயும் பாத்தேல்ல தாயி, இதுல கிளி இல்லை. நான் என்ன செய்ய?” சுப்புலட்சுமி எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன் அண்ணாச்சி.”

அவள் வாசலை எட்டவில்லை, அண்ணாச்சியின் போன் அடித்தது. பாட்னா.

“ஏக் மினிட், ஏக் மினிட்” என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்துகொண்டே போனது. அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு பிரீத்தியிடம் சீறினார்.

“இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே? அந்த ‘டிரைவ்’ பட்டனை அமுக்கித் தொலை. மெஷினுக்குள்ளயே இருக்கிற அடுத்த டிஸ்க்குக்கு மாறும். அதுலதான் கெடக்கு கிளி.”

பிரீத்தி அமுக்கினாள். கட்டத்தில் இருந்த பெயர்கள் மாறின. திறந்தால், ஊஞ்சலில் கிளி.

சுப்புலட்சுமி திரையைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைத்தான் பார்த்தாள்.

“நான் தூக்கிட்டுப் போன டிஸ்க்கு அதுதானா அண்ணாச்சி?”