சங்கு ஊதக் கூடாதாம்

கரீபியத் தீவான டொபாகோவில் எங்கள் கடற்கரையில் இப்போதுதான் விடிந்திருக்கிறது. கரைவலை முழுக்கப் பாரை மீன் துள்ளுகிறது. கயிற்றைப் பிடித்து நிற்பது நாங்கள் ஆறே பேர். உள்ளங்கை எரிகிறது, காலடியில் மணல் நழுவுகிறது. இன்னும் இருபது பேர் வராவிட்டால் நீரோட்டம் வலையைப் பாறையில் இழுத்துக் கிழித்துவிடும். சங்கு ஊதினால் மேட்டுத் தெருவே ஓடிவரும். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் மீன் உண்டு. ஆனால் சங்கோடு நிற்கும் வெர்னா அக்காவை, பன்னிரண்டு அறை ஓட்டலின் காவலாளி கெஸ்டர் கைகளை விரித்து மறிக்கிறான். அக்காவின் தங்கை மகன்தான்.

"பெரியம்மா, விருந்தாளிங்க தூங்குறாங்க. அமைதிக்குன்னே காசு குடுத்து வந்திருக்காங்க. என் வேலை போயிடும்."

"வலை போனா யாருடா தருவான், உன் மொதலாளியா? இந்தக் கடல் மீனைத் தின்னு வளர்ந்த உடம்புடா உன்னுது!"

அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் குடைகள், சாய்வு நாற்காலிகள், ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு செம்பருத்தி. நடுவில் கரும்பலகை. அக்கா அதைச் சத்தமாக வாசிக்கிறாள்: "மதிய உணவு: இன்று காலை எங்கள் கடற்கரையில் பிடித்த மீன்."

"எவன் கடற்கரைடா?"

சங்கு வாய்க்குப் போகிறது. ஓட்டல் மாடியில் ஜன்னல்கள் படீர் படீரென்று மூடுகின்றன. மேட்டில் கதவுகள் திறக்கின்றன, ஆட்கள் ஓடி வருகிறார்கள். கெஸ்டரின் இடுப்பில் வாக்கிடாக்கி கத்துகிறது.

"கயிறைப் பிடி," என்கிறாள் அக்கா. "இல்லேன்னா வழிய விடு."