பாவூர்சத்திரத்தைத் தாண்டி

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றா, நான்கா என்று கைலாசத்துக்கு இப்போது உறுதியில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி, குற்றாலத்தில் முடிந்தது. ஒரு வருஷம் அதற்காகவே உடம்பை வருத்தியிருந்தான். மூன்றாவதாக வந்து, தென்காசி வீட்டில் கோப்பையை வைத்தான்.

"பாவூர்சத்திரம் வழியாத்தான சைக்கிள்ல போனீக? அப்பா வாசல்ல நிப்பேன்னாகளே, பாத்தீகளா?" என்றாள் மனைவி வடிவாம்பாள்.

"பாத்தேன்."

"கை காட்டுனாகளா?"

"ம்... காட்டுனாக."

"மருமகன் சர்க்கஸுக்குப் போறாருன்னு கேலி பண்ணவுகதான!" என்று சிரித்தாள்.

அப்போது அவளுடைய சித்தப்பா மகன் மூச்சிரைக்க வந்து நின்றான். "யக்கா, பெரியப்பா விடியமுன்ன தவறிட்டாக!"

மாமனாரை வாசல் பெஞ்சில் மாலையோடு கிடத்தியிருந்ததைக் கைலாசம் பார்த்தான்தான். நின்றால் போட்டி போய்விடும் என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

அதன்பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. வடிவாம்பாள் இன்றும் அவனுக்குச் சோறு போடுகிறாள். அப்பாவைப் பற்றி மட்டும் அவனிடம் பேசுவதில்லை.