ரத்த மாத்திரை

மகனுக்குப் பரிசம் போட்ட பெண்ணின் கைப்பையில் ரத்த மாத்திரை இருந்தது என்று பக்கத்து வீட்டுப் புஷ்பா சொன்னதும் கண்மணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. எனக்குப் பிள்ளை உண்டானப்போ கிளினிக்குல கொடுத்த அதே மாத்திரை."

புஷ்பாவும் அந்தப் பெண் துளசியும் ரவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

"தேத்தண்ணி வேணாங்கிறா. எலுமிச்சைத் தண்ணியா வாங்கிக் குடிக்கிறா. காலையில குமட்டுதுன்னு எழுந்து ஓடுறா. நான் ஒண்ணும் சொல்லலைக்கா. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க லா."

கண்மணி போட்டாள். மகன் வாசு பரிசம் முடிந்த கையோடு சிங்கப்பூர் வேலைக்குப் போனவன், ஆறு மாதமாகியும் வீடு திரும்பவில்லை. கணக்கு உதைத்தது.

அன்று மாலையே கணவர் அழகேசனைக் கூட்டிக்கொண்டு துளசியின் வீடு இருந்த அசாம் ஜாவாவுக்குப் புறப்பட்டாள். காரை ஓட்டிக்கொண்டே அவர் உபதேசம் செய்துவந்தார்.

"நாம நாலு பேருக்கு முன்மாதிரியா இருக்கிற குடும்பம். பொய், பித்தலாட்டம் நமக்கு ஆகாது. பரிசத்தைத் திருப்பிடு."

துளசியின் அம்மா மாலா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கண்மணி தொடவில்லை.

"உன் மக பையில ரத்த மாத்திரை எதுக்கு?"

மாலா மகளைப் பார்த்தாள். துளசிதான் பதில் சொன்னாள்.

"அது இரும்புச்சத்து மாத்திரை, அத்தை. வெறும் வயித்துல போட்டா குமட்டும். தேத்தண்ணியோட கலந்தா கறுத்துப்போயிடும், உடம்புல சேராது. புளிப்போட குடிச்சா நல்லாச் சேரும்னு தாதி சொன்னாங்க."

"எந்தத் தாதி? உனக்கு எதுக்குக் கொடுத்தா?"

"கோயில் மண்டபத்துல மாமா ரத்ததான முகாம் நடத்துனாங்களே, அங்கதான். ரத்தம் கொடுத்த எல்லாருக்கும் ஆளுக்கொரு மாத்திரைப் பை கொடுத்தாங்க, அத்தை."

மாலாவுக்கு மூச்சு வந்தது. கண்மணிக்கு உடம்பு கூசியது. ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, முதல் ஆளா ரத்தம் கொடுத்தேன்னு ஒரு வாரம் படுத்துக்கிட்டே ஆட்டுக்கால் சூப்பு குடிச்சீங்களே. உங்க பை எங்க?"

அழகேசன் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம். சம்பந்தியம்மா, காலண்டரை எடுங்க. முதல்ல கல்யாணத் தேதியைக் குறிப்போம்."