கடைசிப் படத்தைப் பிடித்துவைக்கும் பெட்டி

கண்ணாடியிழைக் கேபிளின் முனையைத் துடைத்தாயிற்று. ஒளியின் அளவும் சரியாக இருக்கிறது. திரைக்குப் படம் தரும் பெட்டியில் சொருகவேண்டியதுதான் பாக்கி.

நான் சொருகவில்லை.

சுவர்த்திரையில் என் மனைவி.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளைக் கல்லூரியிலிருந்து அவள் பாடம் எடுப்பாள். பிள்ளைகள் இங்கே திரையில் பார்த்துக் கேட்பார்கள். நான் இந்த அறையின் டெக்னீஷியன். வகுப்புக்கு முன், சோதனை என்ற பெயரில், இருவரும் கொஞ்சம் பேசிக்கொள்வோம். வார நாட்களில் எங்கள் குடித்தனமே இந்தக் கேபிள் வழியாகத்தான் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, சாலை தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்தது.

அன்று மாலை அவள் ஏறிய பேருந்து வந்து சேரவில்லை.

சிக்னல் போனால் எங்கள் பெட்டி திரையைக் கறுப்பாக்காது. கடைசியாக வந்த படத்தைப் பிடித்துவைத்திருக்கும். அடுத்தது வரும் என்று அதற்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. காதோரம் ஒற்றை முடி பிரிந்து நிற்பதுகூடத் தெரிகிறது. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். கோடு கோடாகத்தான் விழுந்தது.

இன்று கேபிளை ஒட்டிவிட்டார்கள். நாளை புது ஆசிரியர். சொருகிய கணமே அங்கிருக்கும் வெறும் கரும்பலகை வந்து அவளை அழித்துவிடும்.

போன் அடித்தது. அந்த முனையின் டெக்னீஷியன். எல்லோருக்கும் ஒயர் அண்ணன்.

“என்னப்பா, முகூர்த்தம் பாக்குறியா? சட்டுன்னு சொருகு.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

“அதுக்கில்லப்பா... அன்னிக்குப் பூட்டின ரூமு. இப்பதான் தொறந்தேன். இங்க திரையில நீ நிக்கிற. பல்லெல்லாம் தெரிய சிரிச்சிக்கிட்டு.”

அங்கும் இதே பெட்டிதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

“எங்க பாத்துக்கிட்டு இருக்கேன், அண்ணே?”

“வேற எங்க? மேடம் நாற்காலியத்தான்.”



சொருகு என்று மறுபடி அவர் சொல்லவில்லை.