கொக்கிப் பெயின்டும் மாப்பிள்ளை மீசையும்

மேகமே இல்லாத பகலில், அலுமாரிக் கதவுக்குள்ளிருந்து மின்னலை வரவழைத்த ஒரே ஆள் இந்த இலங்கையில் நான்தான். வத்தேகம பட்டறை. தகரக் கூரையின் ஓட்டையால் இறங்கும் வெயிலில் பச்சைத் துகள்கள் மிதக்கின்றன. என் கையிலுள்ள ஸ்ப்ரே கன் அறுபதாயிரம் வோல்ட்டில் உறுமுகிறது. கரண்ட் ஏறிய பெயின்ட் ஈக்கூட்டம் போலப் பறந்து இரும்புக் கதவில் மொய்க்கிறது. அந்தக் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பி மேலே இரும்புச் சட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கதவு தொங்கும் கொக்கியில் பத்து வருஷத்துப் பெயின்ட் பலாக்காய் பருமனுக்குத் தடித்திருக்கிறது. அதைத் தாண்டிக் கரண்ட் போக வழியில்லை. "கொக்கியச் சுரண்டிக்கிறேன் ஐயா. கதவுல கரண்ட் தேங்கி நிக்குது, தொட்டா மின்னல் அடிக்கும்," என்கிறேன். "கரண்ட் தேங்க அதென்ன குளமோ? விசர்க்கதை! சுரண்டி நேரத்தை வீணாக்கினியெண்டால் நாளைக்கு வேலைக்கு வராதை," என்கிறார் ஃபோர்மன் குணநாயகம். வெள்ளிக்கிழமை அவருக்குக் கல்யாணம். அதற்காக வளர்த்த மீசை அவருக்கு ஒரு முழம் முன்னால் நடந்து வருகிறது. நான் நல்ல பிள்ளையாகக் கத்தியைக் கீழே வைக்கிறேன். "அப்ப நீங்களே தொட்டுக் காட்டுங்க ஐயா." ஈரச் சிமெந்தில் வெறுங்காலோடு நின்று அவர் விரலை நீட்டுகிறார். சடார்! நீலக் கோடொன்று பாய்கிறது. பெயின்டில் கலந்த தின்னரின் ஆவி பக்கென்று பற்றி, அவர் முகத்தை ஒருமுறை நக்கிவிட்டு அணைகிறது. மீசை இல்லை. புருவமும் இல்லை. கருகிய மயிர் நாற்றத்துக்குள் பட்டறையே சிரிக்கிறது, எல்லாரையும்விட உரக்க நான். கொப்புளம் எழும்பும் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவர் சொல்கிறார்: "ஓமடா, மின்னல்தான். அந்தக் கத்தியை எடு, நானே சுரண்டுறன்."